புதன்கிழமைப் பட்டியலில் விடுபடும் பெயர்கள்

கடலூர்க் கடற்கரைக் குப்பங்களில் தட்டம்மையை மணல்வாரி என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் அந்த வீட்டுக்குள் வெளியாள் நுழைவதில்லை. பிள்ளையை ஆஸ்பத்திரிக்கும் தூக்கிப் போவதில்லை. தண்ணீர் ஊற்றி முடித்த பிறகுதான் சேதி கிராம சுகாதார செவிலியர் காதுக்கு வரும். வேப்பிலையைப் பழித்துப் பயனில்லை, நோயாளியைத் தனியே வைக்கும் நல்ல வழக்கம்தான் அது. தாமதமாக வருகிறது, அவ்வளவே. தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே குழந்தை கிருமியைப் பரப்பத் தொடங்கிவிடும், தடிப்பு வந்து 4 நாள் வரை அது தொடரும். வாசலில் வேப்பிலை ஏறும்போது பாதிக் காலம் போய்விட்டது. முந்தைய நாட்களில் அது வெறும் காய்ச்சல், மூக்கொழுகல், கண் சிவப்பு. பிள்ளை பால்வாடியில் மற்றவர்களோடு பாயில் உட்கார்ந்திருக்கும்.

“ஊசி போட்ட ஊர்ல எப்படி வந்துச்சு நர்சம்மா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் தட்டம்மை பரவியபோதும், அங்கே முதல் டோஸ் போட்ட குழந்தைகள் ஏராளமாகவே இருந்தார்கள். 9 மாதத்தில் போடும் ஊசி 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்குத்தான் பிடிக்கும், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் சிலர் உடம்பில் இன்னும் மிச்சமிருப்பது ஒரு காரணம். ஆண்டுக்கு 100 குழந்தை பிறக்கும் ஊரில் 90 பேருக்குப் போட்டாகிவிட்டது என்றால் பதிவேட்டில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பாதுகாப்பு கிடைத்தவர்கள் 76, 77 பேர். மீதி 23 பேர் வெறுங்கையாக நிற்கிறார்கள். நான்கே ஆண்டில் இந்த மீதி 90-ஐத் தாண்டும், அதாவது கிட்டத்தட்ட ஓர் ஆண்டில் பிறந்த மொத்தப் பிள்ளைகளின் அளவு. தட்டம்மைக்கு அது போதும். யாருக்கும் எதிர்ப்பு இல்லாத இடத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடும் கிருமி அது. 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் இரண்டாவது டோஸ் இந்த மீதியைத் துடைப்பதற்காகவே. 95 சதவீதம் பேர் இரண்டும் போட்டிருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

முதல் டோஸுக்குத் தாய்மார்கள் தாமாகவே வருவார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அழைத்துத்தான் வர வேண்டும். அதற்குள் தாய் மீன் விற்கப் போகத் தொடங்கியிருப்பார், பிள்ளை அம்மாவைப் பெற்ற ஆயாவிடம் இருக்கும். புதன்கிழமை காலை தடுப்பூசி முகாமுக்கு ஆயா தூக்கி வரமாட்டார், காய்ச்சல் வந்தால் மகள் திட்டுவாளே என்று பயம். அத்தகைய தெருவில் மதியத்துக்கு மேல் ஒரு சுற்று போனால் கிடைப்பார்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் வந்து தங்கும் குடும்பங்கள் எந்த ஊர்ப் பட்டியலிலும் இருப்பதில்லை. இன்னொரு வகை இந்த ஊருக்கே உரியது: புதுச்சேரியில் பிரசவம், பாகூர்ப் பக்கம் தாய் வீடு, கடலூரில் புகுந்த வீடு. இந்தப் பக்கப் பதிவேட்டில் “புதுச்சேரியில் போட்டிருப்பார்கள்” என்றும், அந்தப் பக்கம் “கடலூர் போய்விட்டார்கள்” என்றும் எழுதியிருக்கும். தடுப்பூசி அட்டை மூன்றாவது வீட்டுப் பீரோவில். வாய்ச்சொல்லை எழுதிக்கொள்ளாமல் அட்டையைப் பார்ப்பது, இல்லையென்றால் அந்த நிலையத்துக்கே போன் போட்டுக் கேட்பது, இதற்கு மாற்று கிடையாது. கடைசிவரை தெரியவில்லையா, போட்டுவிடலாம். கூடுதலாக ஒரு டோஸ் போனதால் கெடுதல் இல்லை.

ஊசி போடும் செவிலியர்களான நம் பக்கத் தவறும் உண்டு. இரண்டு நோய்க்கும் ஒரே ஊசியாகப் போடும் தட்டம்மை–ரூபெல்லா மருந்து தூளாக வரும், கரைத்தால் 4 மணி நேரம்தான், மிச்சத்தை எறிந்துவிட வேண்டும். ஒரே ஒரு பிள்ளை வந்திருக்கிறதே, இதற்காக ஒரு குப்பியை உடைப்பதா என்று தயங்கி, “அடுத்த புதன் வாங்கம்மா” என்று அனுப்புகிறோம். அந்தப் பிள்ளை அடுத்த புதன் வராது. ஒருவருக்காகவும் குப்பியைத் திறக்கலாம் என்பதுதான் விதி. லேசான சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் திருப்பி அனுப்புவதும் இதே ரகம், அவை ஊசியைத் தள்ளிப்போடக் காரணமே அல்ல.

கரைக்கும் திரவமும் முதல் நாளே 2 முதல் 8 டிகிரியில் குளிர்ந்திருக்க வேண்டும், வேறு மருந்தின் திரவத்தை மாற்றிவிடக் கூடாது. கரைத்த நேரத்தைக் குப்பியிலேயே எழுதிவிட வேண்டும். 0.5 மில்லி, வலது மேற்கை, தோலுக்கடியில். அரை மணி நேரம் உட்கார வைக்காமல் அனுப்பக் கூடாது.

எல்லோரும் வெயிலுக்குப் பயப்படுகிறார்கள். 2011-ல் கடலூரைத் தாக்கிய ‘தானே’ புயலின்போது போல மின்சாரம் நாள்கணக்கில் போனால் பயப்பட வேண்டியதுதான். ஆனால் வெயில் பட்ட குப்பி தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். லேபிளில் வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் கறுத்து, வெளிவட்டத்தின் நிறத்தை எட்டினால் தூக்கிப் போடலாம். ஆனால் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி மருந்து உறைந்து கெட்டால் எதையும் காட்டாது, சதுரம் வெள்ளையாகவே இருக்கும். கல்லாக உறைந்த ஐஸ்பேக்கை எடுத்ததும் மருந்து கொண்டுபோகும் கேரியரில் அடுக்குவதால் வருவது இது. வெளியே வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்ட பிறகு நான்கு ஐஸ்பேக்கையும் வைக்க வேண்டும். காலை அவசரத்தில் முதலில் அடிபடுவது இந்தக் காத்திருப்புதான்.

2017-ல் தமிழகத்திலும் புதுச்சேரியிலும் 9 மாதம் முதல் 15 வயது வரை தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப் வதந்தி முந்திக்கொண்டது. மேடைப் பேச்சைவிட, தன் பிள்ளைக்குப் போட்டுக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரியின் ஒரு வார்த்தை அதிகம் எடுபட்டது.

நோய் வந்துவிட்ட தெருவில் முதல் வேலை ரத்த மாதிரி. தடிப்பு தொடங்கி 28 நாளுக்குள் எடுத்தால் செல்லும், ஆகவே தண்ணீர் ஊற்றிய பிறகு போனாலும் தாமதமில்லை. பிறகு வீடுவீடாகப் போய் டோஸ் விடுபட்ட 5 வயதுக்குட்பட்டவர்களைக் கணக்கெடுத்துப் போடுவது. நோயாளியோடு இருந்த பிள்ளைக்கு 72 மணி நேரத்துக்குள் போட்டால் நோயையே தடுக்கலாம். நோயுற்ற குழந்தைக்கு வைட்டமின் ஏ அடுத்தடுத்த இரண்டு நாள் கொடுக்க வேண்டும், கண் பார்வையைக் காக்கவும் உயிரிழப்பைக் குறைக்கவும் அது உதவும்: 6 மாதத்துக்குள் 50,000 யூனிட், ஓராண்டுக்குள் 1 லட்சம், அதற்கு மேல் 2 லட்சம். இரண்டாம் நாளுக்கு யாரும் நிலையத்துக்கு வரமாட்டார்கள். அதே வீட்டுக்கு நாம்தான் நடக்க வேண்டும். நேற்று சொல்லாமல் மறைத்த பக்கத்து வீட்டுக் காய்ச்சல் அப்படிப் போகும்போதுதான் கண்ணில் படும்.