விஸ்கி போத்தலுக்குள் முப்பத்தேழு நாற்றுகள்

ஆர்க்கிட் நாற்று வளர்ந்த போத்தலை உடைக்க நல்ல நேரம் பார்த்தேன் என்றால் சிரிப்பீர்கள். 2021 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை, என் வீட்டுக்காரர் ஈரச்சந்தைக்குப் போயிருந்த நேரம். சுத்தியல் அவர் கைக்குப் போனால் நாற்றும் சேர்ந்து நசுங்கிவிடும்.

அது பழைய தட்டை விஸ்கி போத்தல். தாய்லாந்தில் ஆர்க்கிட் ஆய்வுக்கூடங்கள் இப்படிப்பட்ட காலிப் போத்தல்களைக் கழுவி, கிருமி நீக்கி, படுக்கவைத்துப் பயன்படுத்துவது வெகுநாள் வழக்கம். படுக்கவைத்தால் உள்ளே கூழ் பரந்து நிற்கும், நாற்றுக்கு இடம் கிடைக்கும். ஆனால் கழுத்து குறுகல். வேரும் இலையும் சேதமில்லாமல் வெளியே வராது, உடைத்தே ஆகவேண்டும். தமிழ் முரசுத் தாளில் நான்கு சுற்றுச் சுற்றி, அடிப்பக்கம் ஒரே ஒரு தட்டு. விரிசல் விட்ட கண்ணாடியைப் பிரித்தால், கறுப்புக் கூழின்மேல் புல்போல நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எண்ணினேன், 37.

நான் பள்ளி அறிவியல் கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் அந்தக் கூழ் எனக்குப் புதிதல்ல. தீபாவளிக்குத் தட்டில் ஊற்றி வெட்டுகிறோமே, அதே அகார் அகார்தான். சர்க்கரையும் உப்புச் சத்துகளும் உண்டு. பல கூடங்களில் இளநீரும் மசித்த வாழைப்பழமும் சேர்ப்பார்கள். கறுப்பு நிறம் கரித்தூளால் வருவது. சமையலறையில் உட்கார்ந்து அதைக் கழுவியபோது லேசாக ஒரு பழவாசனைகூட வந்தது.

இத்தனை பாடு எதற்கு என்று என் மகள் கேட்டாள். ஆர்க்கிட் விதை தூசிதான். ஒரு காயில் லட்சக்கணக்கில் இருக்கும், ஆனால் ஒன்றிலும் கட்டுச்சோறு கிடையாது. நெல்லுக்குள் முளைக்கு வேண்டிய மாவு இருக்கிறது, இதற்குள் எதுவும் இல்லை. காட்டில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அந்தப் பூஞ்சையே வேண்டாம், கிருமியில்லாத கூழில் சர்க்கரை இருந்தால் விதை முளைக்கும் என்று 1922இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நட்சன் காட்டினார். சில ஆண்டுகளிலேயே இங்கே, சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில், அதன் இயக்குநராக இருந்த ஹோல்ட்டம் அதே முறையில் கலப்பின ஆர்க்கிட் வளர்க்கத் தொடங்கிவிட்டார். அங்கே முதலில் பூத்த கலப்பினம் 1931இல் வந்த ஸ்பாத்தோகுளோட்டிஸ் பிரிம்ரோஸ். லிம் சூ காங் பக்கம் ஒரு பண்ணையில் 18 வெள்ளிக்கு நான் வாங்கி வந்த போத்தலுக்கு அப்படியொரு பூர்வீகம்.

போத்தலோடு வந்த சீட்டில் தாய் டென்ட்ரோபியம் ஸ்ட்ராட்டியோட்டிஸ், தந்தை டென்ட்ரோபியம் லாசியாந்தெரா என்று எழுதியிருந்தது. (தாய்ப் பெயரை முதலில் எழுதுவது ஆர்க்கிட்காரர்களின் வழக்கம். எனக்கு அது பிடிக்கும்.) தாய் மொலுக்காஸ் தீவுகளைச் சேர்ந்தது, வெள்ளைப் பூ, பச்சை இதழ்கள் மான்கொம்புபோல நிமிர்ந்திருக்கும். தந்தை நியூ கினியின் தாழ்நிலத்துச் செடி, செம்பழுப்பு இதழ்கள் சுருண்டு முறுக்கியிருக்கும். பேரங்காடியில் விற்கும் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் பெரும்பாலும் திசு வளர்ப்பில் வந்தது, ஒரே செடியின் நகல்கள். இது விதையிலிருந்து வந்தது. 37உம் உடன்பிறப்புகள், ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. அந்த ஆசையில் உயரத்தைக் கேட்க மறந்துவிட்டேன். தந்தை இரண்டு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியவர். என் தோட்டமோ எட்டாவது மாடித் தாழ்வாரத்தில், கதவுக்கும் கம்பிக்கும் நடுவே, ஆள் நடக்க விட்டது போக மிச்சம்.

கழுவுவதில் மட்டும் நான் குறை வைக்கவில்லை. கூழில் சர்க்கரை இருக்கிறது. வேரிடுக்கில் ஒரு பொட்டு தங்கினாலும் பூஞ்சைக்கு அதுவே விருந்து. தேநீர் வடிகட்டியில் ஐந்தாறாக வைத்து, வெதுவெதுப்பான நீரில் ஆட்டி ஆட்டி, பழைய வண்ணத்தூரிகையால் வருடி எடுத்தேன். பிறகு பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் ஒரு முழுக்கு. தாளில் பரப்பி வேர் வெளுக்கும்வரை ஆறவிட்டு, பெரியது சிறியதாகப் பிரித்து, அடியில் கரித்துண்டும் மேலே ஸ்பேக்னம் பாசியும் போட்டு, ஒரு சட்டிக்குப் பத்துப் பன்னிரண்டாக நட்டேன். சின்னதுகள் கூட்டமாக இருந்தால்தான் ஈரம் சீராக நிற்கும்.

அடுத்துச் செய்தது முட்டாள்தனம். குளிர்நாட்டுக்காரர் எழுதிய புத்தகம் ஒன்றில், போத்தலிலிருந்து வந்த நாற்றை முதல் சில வாரம் நெகிழிப்பையால் மூடிவை என்று போட்டிருந்தது. காரணமும் சரியான காரணம்தான். போத்தலுக்குள் வளர்ந்த இலைக்கு மெழுகுப்பூச்சு போதாது, இலைத்துளைகளுக்கு ஒழுங்காக மூடத் தெரியாது, வெளிக்காற்றில் வாடிவிடும். ஹீட்டர் போட்ட அறைக்கு அது பொருந்தும். இங்கே காற்றைப் பிழிந்தாலே தண்ணீர் வரும். பைக்குள் இட்லிச் சட்டிபோல் ஆவி கட்டியது. ஆறாம் நாள் ஒரு நாற்றின் அடித்தண்டு கண்ணாடிபோல் ஊறிப் பழுப்பாக நின்றது. மறுநாள் காலை பக்கத்தில் மூன்று. தொட்டால் இலை கையோடு வந்தது. அழுகிய வெங்காயம்போல ஒரு நாற்றம். பையைக் கழற்றி எறிவதற்குள் 14 போய்விட்டன. புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தபோது அதன்மேல் எனக்கு நியாயமில்லாத ஒரு கோபம் இருந்தது.

மிச்சம் 23. பாதிக்கப்பட்ட சட்டியைப் பிரித்து, நன்றாக இருந்தவற்றை மறுபடி மருந்தில் முக்கி, பாசியைக் குறைத்துக் கரியைக் கூட்டி நட்டேன். விடியற்காலையில் மட்டும் தண்ணீர். மாலைக்குள் இலை காய்ந்திருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் வாரக்கணக்கில் மழை பிடித்தபோது தண்ணீரே விடவில்லை, சாரல் போதும். உரம் டப்பாவில் சொல்லியிருப்பதில் கால் பங்கு, வாரம் ஒரு முறை. கூழாங்கல் தட்டில் நீர் நிறுத்தி மேலே சட்டி வைக்கும் யோசனையையும் விட்டேன். கொசு சோதனைக்கு வருபவர் டார்ச் அடித்துத் தட்டுத் தட்டாகப் பார்ப்பார், புழு இருந்தால் அபராதம். மைனா ஒன்று கூட்டுக்குப் பாசி உருவியபோது இரண்டு நாற்று அதோடு போயிற்று. அதற்கு யாரிடம் அபராதம் கேட்பது?

போத்தலில் விட்ட வேர்கள் பெரும்பாலும் செத்துப்போகும் என்று தெரிந்திருந்தும், அவை பழுப்பானபோது வயிற்றைக் கலக்கியது. மூன்றாம் மாதம் தண்டடியில் பச்சை நுனியோடு தடித்த புது வேர் எட்டிப் பார்த்தது. அன்று வீட்டில் பாயசம். காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு ஒவ்வொன்றையும் தனிச் சட்டிக்கு மாற்றியதும்தான் உண்மையான சங்கடம் வந்தது. 21 செடி, இடமோ ஒன்பதுக்கு. பூவைப் பார்க்காமல் எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது? பண்ணைக்காரராக இருந்தால் எல்லாவற்றையும் பூக்கவிட்டு, சிறந்த இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடுவார். நான் தண்டு தடித்ததாகப் பார்த்து ஒன்பதை எடுத்துக்கொண்டேன். பெண் பார்க்கப் போய்ச் சமையலறைப் பாத்திரத்தை எண்ணிவிட்டு வந்த கதைதான். மற்ற 12 செடியும் எங்கள் புளோக் முழுக்கப் போயின, ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் எழுதிய சீட்டோடு.

என் ஒன்பதும் வளர்ந்தன. வளர்ந்தன என்றால் இடுப்புயரம். இலை செழிப்பு, பூ மட்டும் இல்லை. இவ்வருடம் ஜனவரியில் நான்காம் மாடி மலாய் அக்கா மின்தூக்கியில் என் கையைப் பிடித்து, வந்து பார் என்று இழுத்துப் போனார். 17ஆம் எண். காலணி அலமாரிக்குப் பக்கத்தில், முழங்காலுக்குச் சற்று மேல் உயரத்தில், ஒரு கொத்தில் ஏழு பூ. இரண்டு இதழும் முறுக்கிக்கொண்டு நேராக மேலே நின்றன. அடியில் வெளிர்பச்சை, நுனியில் வெந்தயம் கருகிய நிறம். உதடு என்று சொல்லும் அடியிதழில் ஊதாக் கோடுகள் தாயிடமிருந்து வந்தவை. தண்டு மெலிவாக இருக்கிறது என்று நான் கழித்துக் கொடுத்த செடி அது.

உரம் என்ன போடுகிறீர்கள் என்றேன். உரமா என்றார். அப்புறம்தான் என் கழுத்தில் வெயில் சுடுவது உறைத்தது. அவர் வீடு மேற்குப் பக்கம். பிற்பகல் முழுவதும் செடிமேல் வெயில். என் தாழ்வாரத்தில் காலை பத்து மணிக்கெல்லாம் நிழல் விழுந்துவிடும். ஆறேழு மாதமாகத் தண்ணீரையும் உரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன், தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் மாடியில் பிற்பகல் வெயில் விழும் இடம் ஒன்றே ஒன்று, தாழ்வாரத்தின் கோடி முனை. அங்கே என் வீட்டுக்காரரின் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. இப்போது அது கூடத்தில் சோபாவுக்குப் பின்னால் நிற்கிறது. மூன்று நாளாயிற்று, அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.