விளக்கு வைக்கிற நேரத்தில் எழுகிறவன்

"கைய எடு தம்பி!"

கூட வேலை பார்க்கும் அண்ணன் போட்ட சத்தம் கொதிகலன் இரைச்சலையும் தாண்டிக் கேட்டது. விடிகாலை நாலரை மணி. பாமாயில் எடுக்கச் செம்பனைக் குலைகளை வேகவைக்கும் ஸ்டெரிலைசரின் கதவுப் பூட்டில் என் கை இருந்தது. அழுத்தமானியின் முள் இன்னும் சுழியத்துக்கு இறங்கவில்லை. வேகும்போது உள்ளே சுமார் 140 டிகிரி சூடு, 3 பார் அழுத்தம். மிச்சம் மீதி ஆவி இருந்தாலே கதவு ஆளைத் தூக்கி அடித்துவிடும்.

அண்ணன் திட்டவில்லை. "கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குற. போய் மொகத்தக் கழுவு," என்றார். உண்மை என்பதால் அது சுட்டது.

மலேசியாவில் இந்த சுங்கை சிப்புட்டுக்கு வந்து இரண்டு வருடம். கடைத்தெருவில் தமிழிலேயே காரியம் முடிந்துவிடும். முதல் வாரம் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் "பசியாறியாச்சா?" என்று கேட்டபோது மனசு குளிர்ந்துபோனது. எங்கள் சிவகங்கைப் பக்கம் "சாப்டியா"தான்.

ஆனால் இரவு ஷிஃப்ட் மட்டும் என்னை ஊர்க்காரனாக விடவில்லை. மாலை ஏழு முதல் காலை ஏழு வரை. வெட்டிய பழத்தை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதனால் குலை குவியும் மாதங்களில் ஆலை நிற்காது. அது எனக்குப் புரிகிறது. ஆலை இரவில் ஓடட்டும். ஒரே ஆள் பன்னிரண்டு மணி நேரம் ஏன் நிற்க வேண்டும்? எட்டு மணி நேரமாக மூன்று ஆள் நின்றாலும் அதே எண்ணெய்தானே வடியும்!

அன்று எனக்கு ஷிஃப்ட் மாறிய முதல் இரவு. பகல் வேலைப் பழக்கத்தில் காலை ஆறுக்கே விழித்திருந்தேன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவனைப்போல் கையும் புத்தியும் தடுமாறும் என்று 1997இல் ஆஸ்திரேலியாவில் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்த 17 மணி எனக்கு இரவு பதினொன்றுக்கே முடிந்துவிட்டது. நாலரைக்கு இருபத்திரண்டரை. விடியலுக்கு முன் உடம்பே தூக்கத்துக்குத் தணிகிற நேரம் வேறு.

2023 ஜனவரி முதல் இங்கே சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. ஓ.டி. மாதத்துக்கு 104 மணி வரை. ஆறு நாளும் பன்னிரண்டு என்றால் வாரம் 72. இடைவேளையைக் கழிக்காமல் கூட்டினால் நாலே வாரத்தில் ஓ.டி. 108 ஆகிறது. நானும் கேட்டு வாங்கித்தான் செய்தேன். ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடனுக்கு வட்டி ஓடுகிறது. கடன்காரனுக்குத் தூக்கம் தெரிவதில்லை என்று யாரும் சட்டத்தில் எழுதவில்லை.

அம்மா காலை பத்து மணிக்குக் கூப்பிடுவாள். இங்கே பன்னிரண்டரை, நான் கண்ணயர்ந்திருப்பேன். "பகல்ல தூங்குனா மூதேவி வந்து உக்காந்துக்குவாடா!" சிரிப்பு வந்துவிடும். விளக்கு வைக்கிற நேரத்தில் படுக்கையைச் சுருட்டுகிறேன் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பழகிருச்சும்மா என்கிறேன்.

பழகியும்தான் இருக்கிறது. இப்போது கதவைத் தொடுமுன் அண்ணன் "முள்ளு?" என்பார். நான் போய்ப் பார்த்து "சுழியம்ணே" என்பேன். அவர் "ஆவி?" என்பார். வடிகுழாயைப் பார்த்து "நின்னுருச்சு" என்பேன். ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர் அவர். விடியுமுன்னே பால்மரம் சீவப் போன அம்மாவுக்கு விளக்குப் பிடித்த கை.

எனக்கு அப்பாவின் நினைவு வரும். மும்முனை மின்சாரம் நடு இரவில்தான் வரும். பகலெல்லாம் களையெடுத்தவர் துண்டை உதறிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குக் கிளம்புவார். அம்மா வாசலில் நின்று இருட்டைப் பார்த்துக் கத்துவாள்: "ஈரக் கையோட ஸ்டார்ட்டரத் தொடாதீங்க!" கிணற்றடியிலிருந்து அவர் பதிலுக்குக் குரல் கொடுக்கும்வரை அவள் உள்ளே வரமாட்டாள்.