ஓடுகிறது என்று காட்டியது

"ரூமுக்குப் போய் படுங்க" என்று நான் போனில் சொன்னதாக இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் காக்கா சொல்கிறார். மூத்தவரை அண்ணன் என்பதுபோல் எங்கள் பக்கம் காக்கா என்போம். "ரூமுக்குப் போய் பாருங்க" என்று சொன்னதாகத்தான் எனக்கு நினைவு. போனின் அந்தப் பக்கம் மண்டபம் ஊரின் மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். எங்கள் மீன் குளிர்பதனக் கிடங்கில் குளிர் அறையும் ரூம்தான், ஆபரேட்டர் தூங்குகிற அறையும் ரூம்தான்.

மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. கார்த்திகை மாதம், மாலையிலிருந்தே கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஒருமுறை யுபிஎஸ்ஸும் தாங்காமல் கம்ப்யூட்டர் அணைந்து, தானாகவே திரும்ப எழுந்திருக்கிறது. "தம்பி, பதினோரு மணி மெசேஜ் வரலையே" என்றுதான் காக்கா கூப்பிட்டார். சென்சாரைப் படித்து மணிக்கு ஒருமுறை குளிர் அளவை அனுப்புகிற ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டே இருக்கிற ஒரு புரோகிராம், அங்கே பேக்ரவுண்டில் ஓடும். அதைத் தொடங்க, நிறுத்த, ஓடுகிறதா என்று பார்க்க ஒரு ஸ்கிரிப்ட், கட்டளைகளின் சின்னத் தொகுப்பு, எழுதிக் கொடுத்தவன் நான். ஸ்டேட்டஸ் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்துவிட்டுப் படித்துக் காட்டினார்: "ஓடுகிறது, எண் 612."

"ஓடுதுன்னு காட்டினா ஓடும் காக்கா. டவர் பிரச்சினையா இருக்கும்" என்றேன். அதற்கு அடுத்த வாக்கியம்தான் பாருங்களா, படுங்களா என்பது.

கரண்ட் திரும்பியபோது ஒரு ஃபேஸ் வராமல் கம்ப்ரசர் ட்ரிப் ஆகியிருந்தது. மைனஸ் 18 இருக்க வேண்டிய சின்ன அறை விடியும்போது மைனஸ் 4. மேல் பெட்டிகளில் இருந்த கணவாய் மீன் விரல் வைத்தால் அமுங்கியது.

காலையில் முதலாளி கேட்டார்: "சிஸ்டம் வேலை செஞ்சுதா, இல்லையா?" நான் சொன்னேன்: "காக்கா கூப்பிட்டப்போ ஓடுதுன்னுதான் காட்டுச்சு." இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் அவர் காதில் அது 'சிஸ்டம் சரியாக இருந்தது, ஆள்தான் பார்க்கவில்லை' என்று விழும் என எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த மாதமே காக்காவைப் பகல் ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். இரவுப்படி போயிற்று.

காரணம் இரண்டு நாள் கழித்துப் புரிந்தது. ஸ்கிரிப்ட் ஒரு ப்ராசஸைப் பேக்ரவுண்டில் தொடங்கியதும் அதன் எண்ணை ஒரு ஃபைலில் எழுதி வைக்கும். நிறுத்தும்போது அந்த ஃபைலை அழிக்கும். கரண்ட் போய் செத்தால் அழிக்க யார் இருக்கிறார்கள்? கம்ப்யூட்டர் எழுந்ததும் ஸ்கிரிப்ட் ஃபைலைப் பார்த்தது, 612 இருந்தது. கில் கட்டளையில் பூஜ்ய சிக்னல் கொடுத்துக் கேட்டது. அது எதையும் கொல்லாது, அந்த எண்ணில் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் சொல்லும். இருந்தது, ஆனால் அது லினக்ஸின் வேறொரு ப்ராசஸ். ஒவ்வொரு முறை எழும்போதும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் எல்லாம் தொடங்கும், எண்களும் அதே பக்கத்தில்தான் விழும். அதனால் இப்படி இடிப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. 'ஏற்கெனவே ஓடுகிறது' என்று நினைத்து ஸ்கிரிப்ட் ஒன்றையும் தொடங்காமல் முடிந்துவிட்டது. ஸ்டேட்டஸும் அதே கேள்வியைத்தான் கேட்டது, அதே பதிலைச் சொன்னது.

அந்த ஃபைலை லினக்ஸின் ரன் அடைவில் (ஃபோல்டரில்) வைத்திருந்தால் கரண்ட் போனதோடு அழிந்திருக்கும், அது டிஸ்கில் இல்லை, மெமரியில் இருப்பது. என் ஹோம் அடைவில் வைத்திருந்தேன், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும் என்று.

டீக்கடையில் காக்காவிடம் இதை விளக்கினேன். கேட்டுவிட்டு, "மீன்துறையில டோக்கன் வாங்கிட்டா படகு கடல்ல இருக்குன்னு அர்த்தமா தம்பி?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார்.

குளிர் அறைக் கதவுக்கு வெளியே குளிர் அளவு காட்டும் டிஸ்ப்ளே இருக்கிறது, நாலு எட்டு நடந்தால் போதும், அது ஆபரேட்டர் வேலைதான். இதை எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரிதான். ஆனால் அவருக்குச் சந்தேகம் வந்துதானே கூப்பிட்டார்? அந்தச் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது நான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. 'நிறுத்தித் தொடங்குங்க காக்கா' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஸ்டாப்பில் கில் மைனஸ் ஒன்பது வைத்திருந்தேன், சுத்தம் செய்துகொள்ள நேரமே தராமல் கொல்வது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக ஓடுவதால் தடையும் இல்லை. 612-இல் இருந்த சம்பந்தமே இல்லாத ஒன்று செத்திருக்கும். கூடவே பழைய ஃபைல் அழிந்து, சரியான ப்ராசஸ் தொடங்கியிருக்கும், பத்து நிமிடத்தில் மெசேஜும் வந்திருக்கும். தவறான யோசனை கணவாயைக் காப்பாற்றியிருக்கும். இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இப்போது ஸ்டாப் முதலில் 'முடித்துக்கொள்' என்று கேட்கிற டெர்ம் சிக்னல் கொடுத்துப் பத்து விநாடி காத்திருக்கும். கொடுப்பதற்கு முன், ஓடுகிற ப்ராசஸ்களின் விவரம் இருக்கிற ப்ராக் அடைவில் அந்த எண்ணுக்குரிய கட்டளை நம்முடையதுதானா என்று பார்க்கும். ஸ்டேட்டஸில் 'ஓடுகிறது' என்ற சொல்லே இல்லை, கடைசி மெசேஜ் போய் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று மட்டும் காட்டும். புதிதாக வருகிற பிள்ளைகளிடம், ப்ராசஸ்களைத் தொடங்கிக் கவனித்துக்கொள்கிற லினக்ஸின் சிஸ்டம்டி பயன்படுத்துங்கள் என்கிறேன். செத்தால் திரும்பத் தொடங்கு என்று அமைத்து வைத்தால் அது எழுப்பிவிடும். சாகாமல் மாட்டிக்கொண்டு நிற்கிற ப்ராசஸை, உயிரோடு இருக்கிறாயா என்று அவ்வப்போது சரிபார்க்கும் வாட்ச்டாக் வைக்காவிட்டால், அதுவும் 'ஆக்டிவ்' என்றே காட்டும்.

காரணத்தை முதலாளியிடம் சொன்னேன். "முடிஞ்சதை விடுங்க" என்றார். விட்டேன். ஷிஃப்டை மாற்றித் தரும்படி கேட்டிருக்கலாம். அப்போது எனக்கும் வேலை முக்கியமாக இருந்தது.

போன வாரம் பாம்பன் போகிற பஸ்ஸில் காக்காவைப் பார்த்தேன். "அந்த மெசேஜ் எல்லாம் இப்ப ஒழுங்கா வருதா தம்பி?" என்று கேட்டார். "வருது காக்கா" என்றேன். சொன்ன பிறகுதான் போனை எடுத்துப் பார்த்தேன்.