பூச்சி இறக்கைகள்: இதுவரை பார்த்தது

பூச்சி இறக்கைகளைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்க்கும் வேலை ஒருவழியாக ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கிறது. கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. 10 மடங்கு காட்டும் கைலென்ஸ், செல்போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ், ஊசி, இடுக்கி, செலோ டேப், அவ்வளவுதான். உயிரோடு எதையும் பிடிப்பதில்லை. விளக்கடியில் செத்துக் கிடப்பவையே போதும். காய்ந்த பூச்சி தொட்டவுடன் நொறுங்கும் என்பதால், ஈரத் துணி வைத்த டப்பாவில், துணியில் படாமல் வைத்து ஓர் இரவு மூடிவிடுகிறேன். காலையில் மூட்டுகள் இளகியிருக்கும், இறக்கையை விரிக்கலாம்.

முதலில் தேடியது ஈயின் பின் இறக்கைகளை. இறக்கையுள்ள பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு இறக்கைகள். ஈ, கொசு வகையறாவுக்கு இரண்டே இரண்டு. பின் ஜோடி தொலைந்துபோகவில்லை, குண்டூசி போலத் தண்டும் தலையுமாகச் சுருங்கி, ஹால்டியர் என்ற உறுப்பாக இருக்கிறது. வீட்டு ஈயில் இதைப் பார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இறக்கையின் அடியிலுள்ள வெளிறிய மடல் அதை மூடியிருக்கிறது, ஊசி முனையால் மடலைத் தூக்க வேண்டும். புதிதாகப் பார்ப்பவர்கள் கொசுவில் தொடங்கலாம், அதில் மறைப்பு கிடையாது. நீளக் கால்களோடு பெரிய கொசு மாதிரி இருக்கும் கிரேன் ஈ கிடைத்தால் இன்னும் நல்லது, லென்ஸே வேண்டாம்.

இந்தக் குமிழ் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. பறக்கும்போது இறக்கை அடிக்கும் அதே வேகத்தில் இதுவும் மேலும் கீழும் ஆடுகிறது, ஆனால் இறக்கைக்கு எதிர்த்திசையில். ஈ திரும்பினால், ஆடும் குமிழின் மேல் கொரியோலிஸ் விசை (திரும்பும் உடலில் ஆடிக்கொண்டிருப்பதைப் பக்கவாட்டில் தள்ளும் விசை) விழுந்து தண்டு லேசாக வளையும். அடிப்பகுதியிலுள்ள உணர்விகள் அதைப் பிடித்துத் திருத்தத்துக்கான சேதியை அனுப்பிவிடும். ஹால்டியரை எடுத்துவிட்டால் ஈயால் நேராகப் பறக்க முடியாது என்பதை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலேய இயற்கையியலாளர் வில்லியம் டெர்ஹாம் கவனித்துவிட்டார். அதைத் திரும்பச் செய்து பார்க்கும் ஆசை எனக்கு இல்லை. குமிழ் ஒரு காலத்தில் இறக்கையாக இருந்தது என்பதற்குப் பழ ஈயைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. அமெரிக்க மரபியலாளர் எட்வர்ட் லூயிஸ் அதில் சில மரபணு மாற்றங்களை ஒன்றுசேர்த்தபோது, ஹால்டியர் இருக்க வேண்டிய இடத்தில் முழு இறக்கைகளே வளர்ந்து நான்கு இறக்கை ஈ வந்தது. அந்த ஆய்வு வரிசைக்காக 1995இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

அப்புறம் தேனீயும், தேனீ வேஷம் போடும் மிதவை ஈயும் (hoverfly). மஞ்சள் கறுப்புப் பட்டையை நம்பினால் இரண்டும் ஒன்றுதான். இறக்கையை எண்ணினால் தெரிந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நடைமுறையில் அது அத்தனை சுலபமில்லை. தேனீயின் பின் இறக்கையின் முன்விளிம்பில் வரிசையாகக் குட்டிக் கொக்கிகள் இருக்கின்றன. முன் இறக்கையின் பின்விளிம்பு மடிப்பில் அவை மாட்டிக்கொள்வதால், வெளியிலிருந்து பார்த்தால் பக்கத்துக்கு ஒரே இறக்கைதான். ஊசியால் பிரித்த பிறகுதான் இரண்டாகிறது. கைலென்ஸில் கொக்கிகள் மங்கல், செல்போன் லென்ஸில் நன்றாக விழுந்தன. எனக்கு நம்பகமாகப் பட்டது இறக்கை நரம்பு. மிதவை ஈயின் இறக்கை நடுவே, மற்ற நரம்புகளோடு சேராமல் ஒரு போலி நரம்பு தனியாக ஓடும். அதோடு குட்டையான உணர்கொம்பும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒட்டிய இறக்கையை வெள்ளைத் தாளில் வைத்துப் பார்ப்பது வீண். கறுப்புத் தாளில் வைத்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால், நிறமே இல்லாத ஈ இறக்கையில் பச்சையும் ஊதாவும் ஓடும். மெல்லிய சவ்வின் இரு பரப்புகளிலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால் வரும் நிறம் அது.

அந்துப்பூச்சிக்குக் கொக்கி இல்லை. பின் இறக்கையின் அடியிலிருந்து நீளும் முள்மயிர், முன் இறக்கையின் அடிப்பக்கத்துப் பிடியில் செருகிக்கொள்கிறது. டேப்பில் ஒட்டியவுடன் செதில்கள் எல்லாம் கழன்று வந்துவிடுவதால், இதை மட்டும் ஒட்டாமலே பார்க்க வேண்டும். வண்டுக்கு முன் இறக்கை கெட்டியான மூடி, பறப்பது உள்ளே மடிந்திருக்கும் பின் இறக்கைதான். பொன்வண்டின் மடிப்பைக் கிழிக்காமல் விரிப்பது தனிக் கலை, இன்னும் கைவரவில்லை. தட்டானுக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. நான்கையும் தனித்தனியாக அடிக்கிறது, இணைக்கவும் இல்லை, மடிக்கவும் இல்லை.

அடுத்து, செடிகளில் வெள்ளை மாவு போல ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியின் ஆண். பெண்ணுக்கு இறக்கையே கிடையாது, ஆணுக்கு ஒரு ஜோடி. ஈயின் உறவே இல்லாத பூச்சி இது, ஆனாலும் இரண்டே இறக்கைகள். பின் ஜோடியில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கக் கைலென்ஸ் போதாது, நல்ல நுண்ணோக்கி ஒன்று இரவல் கேட்டிருக்கிறேன்.