கருவிப் பெட்டியில் எதற்கு விலை கொடுக்கிறோம்

நான் முதலில் வாங்கிய இழுப்பறைக் கருவிப் பெட்டி மூன்றாவது ஆண்டிலேயே கைவிட்டுவிட்டது. சாக்கெட்டுகள் (நட்டு, போல்ட் திருகும் குழல் வடிவக் கருவிகள்) அடுக்கியிருந்த மேல் இழுப்பறையை ஒருநாள் வழக்கம்போல் இழுத்தபோது, அது நகர்வதற்கான இடப்பக்கத் தண்டவாளமான சேனல் கழன்று, இழுப்பறை ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாற்பது சொச்சம் சாக்கெட்டுகளும் தரையில் சிதறின. எல்லாவற்றையும் பொறுக்கி முடித்த பிறகு, கழன்ற இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். சேனலைப் பெட்டியின் பக்கத் தகட்டோடு பிணைத்திருந்த இரண்டு ரிவெட்டுகளும் முழுசாக இருந்தன, சேனலும் வளையவில்லை. தகடுதான் காகிதம் போலக் கிழிந்து ஒரு ரிவெட்டை விட்டுவிட்டிருந்தது. அந்தப் பெட்டியை வாங்கும்போது இழுப்பறைகள் எத்தனை என்று எண்ணினேன், வண்ணத்தைப் பார்த்து மகிழ்ந்தேன். தகட்டின் தடிமன் என்ன என்று கேட்கவே இல்லை.

அடுத்த பெட்டியை வாங்க ஏறத்தாழ நான்கு மாதங்கள் எடுத்துக்கொண்டேன். கடைசியில் இரண்டு பெட்டிகளுக்கு இடையே தேர்வு வந்து நின்றது. ஒன்று பதினோரு இழுப்பறைகள் கொண்டது, பளபளப்பானது. மற்றது ஏழே இழுப்பறைகள் கொண்டது, அதைவிட ஒன்றரை மடங்கு விலை. இவ்விரண்டையும் ஒப்பிட்டபோது கற்றவற்றை, இதே நிலையில் நிற்கும் ஒருவருக்குப் பயன்படட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

தகட்டிலிருந்து தொடங்க வேண்டும். தகட்டின் தடிமனைக் கேஜ் என்ற எண்ணால் சொல்வார்கள். எண் கூடக் கூடத் தகடு மெலியும். 18 கேஜ் என்பது ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9, 24 கேஜ் 0.6. எண்ணில் பார்த்தால் 18க்கும் 24க்கும் பெரிய தூரம் இல்லாததுபோலத் தோன்றும். ஆனால் தட்டையான தகடு வளைவை எதிர்க்கும் வலிமை தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், தடிமன் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஓரங்களை இரட்டையாக மடித்து, நடுவில் வரிகள் அழுத்தி எடுத்த மெல்லிய தகடு, மடிப்பே இல்லாத தடித்த தகட்டைவிட உறுதியாக நிற்கக்கூடும். ஆகவே கேஜ் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அதோடு, விளம்பரத்தில் '18 கேஜ்' என்று பெரிதாக எழுதியிருந்தாலும் அது பெட்டியின் கூட்டுக்கு மட்டுமே உரியதாக இருக்கலாம். இழுப்பறைகள் 22 கேஜில் இருக்கலாம். எந்தப் பாகத்துக்கு எந்தக் கேஜ் என்று பிரித்துக் கேட்பது நல்லது.

அப்படிக் கேட்டும் தெளிவான பதில் கிடைக்காதபோது எனக்குக் கைகொடுத்தது வெற்றுப் பெட்டியின் எடைதான். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு 1.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒன்பதரைக் கிலோவை நெருங்கும்; 0.6 மில்லிமீட்டரில் ஐந்து கிலோகூட வராது. தகட்டைக் குறைத்தால் எடை தானாகக் குறைந்துவிடும், அதை மறைக்க வழியில்லை. பளபளப்பான பெட்டி 48 கிலோ, ஏழு இழுப்பறைப் பெட்டி 83 கிலோ. வெளி அளவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. விலை ஒன்றரை மடங்கு, எடையோ 1.7 மடங்கு என்பதைக் கண்டபோது, 'விலை அதிகம்' என்று நான் தள்ளி வைத்திருந்த பெட்டி கிலோக் கணக்கில் மலிவாக இருப்பது புரிந்தது.

அடுத்தது சேனல். நான் அதிக நேரம் செலவிட்டது இதில்தான். மலிவான பெட்டிகளில் தகட்டின் மேல் தகடு உரசிக்கொண்டு நகரும். கொஞ்சம் மேலானவற்றில் பிளாஸ்டிக் உருளை இருக்கும். காலியாக இருக்கும்போது இரண்டுமே நன்றாகத்தான் நகரும். பால் பேரிங் சேனலில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே எஃகுக் குண்டுகள் வரிசையாக உருளுவதால் பாரம் ஏறினாலும் உரசல் பெரிதாகக் கூடுவதில்லை. இதிலும் இரண்டு துண்டு, மூன்று துண்டு என்று வகை உண்டு. இரண்டு துண்டுச் சேனலில் இழுப்பறை முக்கால் பங்குதான் வெளியே வரும். பின்னால் கிடக்கும் கருவியைக் கையை நுழைத்துத் துழாவ வேண்டும். மூன்று துண்டுச் சேனலில் முழுவதும் வெளியே வந்துவிடும்.

சேனல் தாங்கும் எடையாக 45 கிலோ என்ற அளவை அடிக்கடி காணலாம். 100 பவுண்டு என்பதைத்தான் அப்படி எழுதுகிறார்கள். அது ஒரு ஜோடிச் சேனலுக்கு, பாரம் சீராகப் பரவியிருக்கும் நிலைக்கு உரிய கணக்கு. உண்மையில் நமக்கு எவ்வளவு தேவை என்று அறிய, பழைய பெட்டியின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடைக் கருவியில் வைத்துப் பார்த்தேன். சாக்கெட்டும் ராட்செட்டும் இருந்தது 23 கிலோ, ஸ்பேனர்கள் இருந்தது 27 கிலோ. ஸ்க்ரூ டிரைவர்களும் கொறடுகளும் நிறைந்த இழுப்பறை பத்தைத் தாண்டவில்லை. சுத்தியல்களும் புல்லர்களும் (பேரிங் போன்றவற்றைப் பிடித்து இழுத்துக் கழற்றும் கருவிகள்) சேரும் அடி இழுப்பறை ஒன்றுக்குத்தான் இரட்டைச் சேனல், அதாவது பக்கத்துக்கு இரண்டு சேனல், வேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று. எல்லா இழுப்பறைக்கும் இரட்டைச் சேனல் என்று காட்டி விலை ஏற்றினால் அந்தக் கூடுதல் பணம் எனக்குப் பயன்படாது.

கடைக்குப் போனபோது பதினைந்து கிலோ எடையுள்ள கருவிப் பையையும் எடுத்துச் சென்றேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் அனுமதித்தார். பையை நடு இழுப்பறையில் வைத்து முழுவதும் இழுத்துவிட்டு, முன் விளிம்பு எவ்வளவு தாழ்கிறது என்று எஃகு அளவுகோலால் அளந்தேன். பளபளப்பான பெட்டியில் ஆறு மில்லிமீட்டர், மற்றதில் இரண்டு. பிறகு பையை எடுத்துவிட்டு, இழுப்பறையின் அடித்தட்டில் நடுவில் கட்டை விரலால் அழுத்தினேன். முதலாவதில் தகரம் 'டப்' என்று உள்வாங்கி, விரலை எடுத்ததும் மீண்டும் 'டப்' என்று எழுந்தது. இரண்டாவதில் ஓசை இல்லை. கடைசியாக, இழுப்பறையை ஒரு மூலையில் மட்டும் ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தேன். கூடு கோணல் இல்லாமல் இருந்தால் அப்படித் தள்ளினாலும் சிக்காமல் உள்ளே போகும். சந்தேகம் தீராவிட்டால் முன்முகத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள், இரண்டும் சமமாக வர வேண்டும்.

இழுப்பறை ஒன்றைக் கழற்றி உள்ளே பார்க்கவும் தயங்க வேண்டாம். சேனல் எங்கே எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறது, தகடுகளை ஒட்டவைக்கும் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன, உட்புற மூலைகளிலும் பவுடர் கோட்டிங் என்ற வண்ணப் பூச்சு ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பூச்சு ஏறாத வெட்டு ஓரங்களில்தான் துரு முதலில் பிடித்து, பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து பரவும்.

கொள்ளளவு பற்றி ஒரு தவறான கணக்கு எங்கும் நிலவுகிறது. இத்தனை லிட்டர், இத்தனை கன அங்குலம் என்று பெட்டிகளை ஒப்பிடுகிறார்கள். கருவிகளை யாரும் தானியம்போலக் குவித்து வைப்பதில்லை. ஸ்பேனரையும் சாக்கெட்டையும் ஒரே அடுக்காகப் பரப்பி வைத்தால்தான் பார்த்தவுடன் எடுக்க முடியும். ஆகவே இழுப்பறைத் தளத்தின் பரப்பளவுதான் உண்மையான கொள்ளளவு. பதினோரு இழுப்பறைப் பெட்டியில் ஆறு இழுப்பறைகள் 18க்கு 28 சென்டிமீட்டர் என்ற குட்டி அளவு. மற்ற ஐந்தும் 56க்கு 36. கூட்டினால் 1.3 சதுர மீட்டர். ஏழு இழுப்பறைப் பெட்டியில் எல்லாம் 62க்கு 42, கூட்டினால் 1.8 சதுர மீட்டர். லிட்டர் கணக்கில் முதல் பெட்டியே பெரியது, ஏனென்றால் அதன் அடியிலுள்ள இரண்டு இழுப்பறைகளும் 25 சென்டிமீட்டர் ஆழம் கொண்டவை. அவ்வளவு ஆழத்தில் போட்ட எதுவும் அடுத்த வாரம் வேறெதற்காவது அடியில் கிடக்கும். ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் உயரமுள்ள இழுப்பறைகள் அதிகம் உள்ள பெட்டியையே தேடுங்கள் என்று நான் அழுத்தமாகச் சொல்வேன்.

கவிழும் ஆபத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 83 கிலோப் பெட்டியின் எடை மையம் முன் சக்கரங்களுக்குப் பதினெட்டு சென்டிமீட்டர் பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முப்பது கிலோ நிறைந்த ஓர் இழுப்பறையை முழுவதும் இழுத்தால் அந்தப் பாரத்தின் மையம் சக்கரத்துக்கு 26 சென்டிமீட்டர் முன்னால் வந்துவிடும். எடையைத் தூரத்தால் பெருக்கி ஒப்பிட்டால் சாயுமா என்று தெரியும். பெட்டியைப் பின்னால் பிடித்து வைப்பது 83ஐ 18ஆல் பெருக்கினால் 1494. முன்னால் இழுப்பது 30ஐ 26ஆல் பெருக்கினால் 780. மற்ற இழுப்பறைகள் காலியாக இருக்கும் நிலையில், இப்படிப்பட்ட இரண்டு இழுப்பறைகளை ஒரே நேரத்தில் திறந்தாலே 1560 ஆகி, பெட்டி முன்பக்கம் சாயும். அதனால்தான் புதிய பெட்டியில் முதலில் அடி இழுப்பறைகளை நிரப்ப வேண்டும். ஒன்று திறந்திருக்கும்போது மற்றொன்றைத் திறக்கவிடாத தடுப்புப் பூட்டு உள்ள பெட்டிக்குச் சற்று அதிகமாகக் கொடுக்கலாம், குறிப்பாகக் குழந்தைகள் நடமாடும் வீடாக இருந்தால்.

சக்கரங்களில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. தரை எங்குமே முழுச் சமமாக இருப்பதில்லை என்பதால் நான்கில் மூன்று சக்கரங்களே பாரம் தாங்குவதாக எண்ணிக் கணக்கிட வேண்டும். 125 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாலியூரித்தேன் சக்கரம் தரையின் இணைப்புகளில் சிக்காமல் ஓடும். கிடைக்காவிட்டால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். சக்கரங்கள் போல்ட்டில் நிற்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். பூட்டும் அப்படித்தான். அதன் முகத்தில் சாவி எண் பொறித்திருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் சாவி வாங்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரும்புக்கு மாற்றாக மரப் பெட்டியும் பிளாஸ்டிக் பெட்டியும் உண்டு. வேலைக்கு வெளியே போகிறவர்களுக்கு ஒன்றின் மேல் ஒன்றாகக் கொக்கியிட்டு அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டிகள் மிகப் பொருத்தம். ஓரிடத்தில் நின்று வேலை செய்பவர்களுக்கு அவை தோதுப்படாது, அடியில் உள்ளதை எடுக்க மேலுள்ள எல்லாவற்றையும் இறக்க வேண்டும். மரப் பெட்டி எனக்குப் பிடித்தமானது. ஸ்வீடனின் காட்லாந்து தீவில் மெஸ்டர்மிர் என்ற இடத்தில் 1936இல் ஏர் உழும்போது கிடைத்த வைகிங் காலக் கருவிப் பெட்டி ஓக் மரத்தால் ஆனது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பெட்டிக்கும் கீலும் பூட்டும் இருந்தன. அமெரிக்காவில் டேட்டன் நகரில் 1906இல் தொடங்கிய கெர்ஸ்ட்னர் நிறுவனம், உள்ளே ஃபெல்ட் துணி ஒட்டிய இழுப்பறைப் பெட்டிகளை இன்றும் மரத்தில் செய்கிறது. மைக்ரோமீட்டர், வெர்னியர் போன்ற நுண் அளவுக் கருவிகளை வைக்க அவற்றுக்கு ஈடில்லை. ஆனால் பளுவான ஸ்பேனர்களுக்கு அவை ஏற்றவை அல்ல. ஓக் மரத்திலிருந்து அசிட்டிக் அமிலம் மெல்ல வெளிப்படுவதால், ஈரப்பதம் மிகுந்த இடத்தில் எஃகைக் கவனித்துத் துடைத்து வைக்க வேண்டும்.

உத்தரவாதத்தைப் பற்றி ஒரு சொல். 'ஆயுள் முழுவதும்' என்று எழுதியிருந்தால், எந்தெந்தப் பாகத்துக்கு என்று படியுங்கள். பெட்டியின் கூட்டுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, பூச்சு, சக்கரம், சேனல் ஆகியவற்றை விலக்கியிருந்தால், கெடக்கூடிய பாகங்களுக்கு உத்தரவாதம் இல்லை என்றே பொருள். நூறு கிலோப் பெட்டியைத் திருப்பி எடுத்துப்போகும் செலவு யாருடையது என்பதையும் கேட்டுவிடுங்கள். உதிரிச் சேனல் தனியே கிடைக்குமா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால், அது எனக்கு உத்தரவாதத் தாளைவிடப் பெரிது. கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் புதிய மெல்லிய பெட்டியைவிட, வண்ணம் உரிந்த பழைய கனமான பெட்டியை வாங்குவதே மேல். வண்ணம் அடித்துவிடலாம், சக்கரம் மாற்றிவிடலாம், தகட்டைத் தடிமனாக்க முடியாது.

ஏழு இழுப்பறைப் பெட்டியைத்தான் வாங்கினேன். இப்போது நான்காண்டுகள் ஆகின்றன. ஸ்பேனர் இழுப்பறையை இன்றும் ஒற்றை விரலால் தள்ளி மூட முடிகிறது. ஆண்டுக்கு ஒருமுறை சேனல்களைத் துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விடுகிறேன். கெட்டியான கிரீஸ் இரும்புத் தூளையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதுவரை கெட்டது ஒன்றே ஒன்று: மேல்மூடியைத் தாங்கும், வாயு அடைத்த தண்டான கேஸ் ஸ்ட்ரட் கடந்த ஆண்டு வலுவிழந்து, மூடி தானாக இறங்கத் தொடங்கியது. பழையதன் மேல் அச்சிட்டிருந்த, அதன் தள்ளுவிசையைச் சொல்லும் நியூட்டன் எண்ணையும் நீளத்தையும் குறித்துக்கொண்டு போய்ப் புதியதை வாங்கி வந்து, கால் மணி நேரத்தில் மாற்றிவிட்டேன்.