யூரேயின் பனிச்சுவர்கள்

சேலத்துக்காரர்களுக்குச் சுரங்கம் புதிதல்ல. வெள்ளைக்கல் தோண்டிய குழிகளையும் மண்மேடுகளையும் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். மேலே சேர்வராயன் மலையிலும் மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் வெட்டிய இடங்கள் உண்டு. அதனால்தானோ என்னவோ, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துச் சான் வான் மலைகளில் சுமார் 7,800 அடி உயரத்திலுள்ள யூரே என்ற சிற்றூருக்குப் பனிச்சுவர் ஏறச் சென்றபோது, அவ்வூரின் சுரங்கக் கதையையும், அந்தப் பனிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையுமே முதலில் விசாரித்தேன்.

யூரே வெள்ளியால் வளர்ந்த ஊர். 1893இல் வெள்ளியின் விலை சரிந்து அந்த மலைகளின் சுரங்க ஊர்கள் பல தளர்ந்தன; தாமஸ் வால்ஷ் 1896இல் தங்கம் கண்டு கேம்ப் பேர்ட் சுரங்கத்தை நடத்தியதால் யூரேக்கு மீண்டும் வாழ்வு வந்தது. ஊரை ஒட்டிய அன்கம்பாக்ரே ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கு விளிம்பில், நீர்மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் பெருங்குழாய் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து கசிந்த நீர் குளிர்காலத்தில் பாறைமீது உறைந்து நின்றதைக் கண்டவர்கள், 1990களில் விளிம்பு நெடுகக் குழாய்களும் தெளிப்பான்களும் அமைத்து, ஊரின் உபரி நீரைக் கொண்டு இரவில் பனியை வளர்க்கத் தொடங்கினார்கள். அவ்வேலையைச் செய்வோரை அங்கே பனி விவசாயிகள் என்றே அழைக்கிறார்கள். டெல்லுரைடு ஊருக்கு மேலுள்ள பிரைடல் வெயில் அருவியின் உறைபனியில் 1974இல் மைக் வைஸுடன் ஏறிய அமெரிக்கப் பனியேற்ற வீரர் ஜெஃப் லோ, 1996இல் யூரேயில் பனி விழாவைத் தொடங்கி வைத்தார்.

ஏற்காட்டின் சார்னோகைட் பாறையில் இந்த ஆண்டு கிடைத்த பிடி அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். பனியில் காலையில் இருந்தது மாலையில் இராது. ஆகவே ஏறுபவர் முதலில் கற்க வேண்டியது கைவலிமையை அல்ல, பனியைப் பார்க்கவும் கேட்கவும் தெரிந்துகொள்வதையே என்பது என் உறுதியான கருத்து. நீலம் பாய்ந்த பனி பெரும்பாலும் இறுகியது. வெண்மையானதில் காற்று கலந்திருக்கும். கடுங்குளிரில் பனி நொறுங்கும் தன்மை பெற்று, ஏறுபவர் பிடிப்புக்காகப் பனியில் அடிக்கும் கோடரி பட்ட இடத்தில் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து விழும். உறைநிலைக்குச் சற்றுக் கீழே மட்டும் வெப்பம் இருக்கும் நாளிலோ, கோடரி முனை ஒரே வீச்சில் மந்தமான ஓசையுடன் பதியும். புடைத்த இடத்தில் அடித்தால் உடையும் என்பதால், இரண்டு புடைப்புகளுக்கு நடுவே குழிந்த இடத்தையே தேடி அடிக்க வேண்டும். வெற்றொலி எழுந்தால் உள்ளே பிடிப்பில்லை என்று பொருள். அங்கே எடையைப் போடவே கூடாது.

குளிரில் மரத்த விரல்களுக்கு இரத்தம் திரும்பும்போது எழும் வலி கண்ணீரை வரவழைக்கும். கோடரியை இறுகப் பற்றாமல், அவ்வப்போது ஒரு கையைத் தாழ்த்தி உதறிக்கொண்டால் அது குறையும்.

ஏற்காட்டுப் பாறைகளில் பழகிய தம்பி, தங்கைகள் இதற்கு ஊரிலேயே தயாராகலாம். காலணியில் மாட்டிய கிராம்பான் என்னும் பல்சட்டத்தின் முன்பற்கள் பனியில் நிலைக்க வேண்டுமானால் குதிகால் தாழ்ந்திருக்க வேண்டும். அதைத் தாங்குவது கெண்டைக்கால் தசை. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, குதிகாலைத் தாழ்த்தி நெடுநேரம் நின்று பழகுங்கள். கோடரி பிடிப்பதை அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம்.