355 கிலோமீட்டருக்கு எட்டு மணி நேரம்

யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பி இன்னும் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. அதற்குள் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மீனம்பாக்கத்திலிருந்து பலாலி விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர்தான். மதுரைகூட 400 கிலோமீட்டரைத் தாண்டிவிடும் என்பதால், வானத்தில் அளந்தால் சென்னைக்கு மதுரையைவிட யாழ்ப்பாணமே பக்கம். 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்படும் முன்பு, சுமார் 640 கிலோமீட்டர் பறந்து கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் இறங்கி, அங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தரைவழியே வடக்கு நோக்கித் திரும்பி வர வேண்டியிருந்தது.

பலாலிக்கு வருவது இரட்டை விசிறி பூட்டிய ஏடிஆர் விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் அது 355 கிலோமீட்டரைக் கடக்க முக்கால் மணி நேரம் போதும் என்று வீட்டில் கணக்குப் போட்டிருந்தேன். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், இறங்கும் முன் வேகத்தைக் குறைப்பதும் அந்தக் கணக்கில் இல்லை. பயணச்சீட்டில் போட்டிருந்தது ஒன்றேகால் மணி நேரம். போகும்போது வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள்: தெளிவான நாளில் கோடியக்கரை மூக்கு நீட்டிக்கொண்டு நிற்பது தெரியும்.

திருமங்கலத்தில் காலை ஒன்பதரைக்கு மெட்ரோ ஏறியவன், நல்லூரில் நண்பர் வீட்டு வாசலை மிதித்தபோது மாலை ஐந்தரை. இரு ஊருக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தின் மேலும் பழி போட முடியவில்லை. பன்னாட்டுப் பயணம் என்ற ஒரே காரணத்துக்காக முன்கூட்டியே போய்க் காத்திருந்ததும், இரு பக்கக் குடிவரவு வரிசைகளும்தான் அந்த நேரத்தை விழுங்கின.

மிச்சத்தை விழுங்கியது ஆட்டோ. பலாலியிலிருந்து நகரம் பதினாறு, பதினேழு கிலோமீட்டர்தான். "சரியான தூரம் அண்ணை, ஐயாயிரம் தாங்கோ" என்றார் ஓட்டுநர். ('சரியான' என்றால் அங்கே 'ரொம்ப'.) இலங்கை ரூபாய்தான் என்றாலும், போக வரப் பயணச்சீட்டுக்கே 12,000 இந்திய ரூபாயைக் கரைத்துவிட்டு வந்தவனுக்கு அது உறைத்தது. அரை மணி நேரம் பேரம் பேசி, 3,500க்குப் படிந்து, வெற்றி பெற்ற நினைப்போடு போய்ச் சேர்ந்தால், நண்பரின் அம்மா, "தம்பி, ரெண்டாயிரத்துக்கு மேல ஒரு சதமும் குடுத்திருக்கக் கூடாது" என்று தலையில் கைவைத்தார்.

அந்தக் கோபத்தை ஆற்றியது அவர் வைத்த இரவுச் சாப்பாடு. முருங்கையிலை போட்ட நண்டுக் கறியும், ஆவி பறக்கும் அரிசிமாப் புட்டும், மேலே ஊற்றிக்கொள்ளச் சொதியும். ஓட்டை உடைத்துச் சதையை எடுப்பதற்குள் புட்டு தீர்ந்துவிடுகிறது; புட்டு வந்தால் கறி தீர்ந்துவிடுகிறது. மூன்று முறை இப்படி ஆனது. எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் வரிசையாக எழுதத்தான் நினைத்திருந்தேன். நண்டு குறுக்கே வந்துவிட்டது.

திரும்பும் நாளில் அம்மாவே தெருமுனை ஆட்டோவைப் பேசிவிட்டார். 2,000 ரூபாய், வாசலிலேயே முடிவான பேச்சு.